வந்த மண்

ஓர் அங்குல மண் உண்டாக ஐந்நூறு வருஷம் ஆகும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. பொதிக்குன்றில் அது பன்னிரண்டு நாளில் உண்டானது.

செய்தது கல்லுண்ணி. அது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயரைச் சொல்லிப் பார்த்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமியைத் தண்ணீரில் கலந்து வெறும் பாறையில் தெளித்தால் போதும். வெயிலும் மழையும் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலையை அது ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடும். பாறை பொரிந்து, சரளையாகி, மணலாகி, கடைசியில் கையில் பிசைந்தால் பிசுபிசுக்கும் மண்ணாகும். ஒன்றரை முழ ஆழம் போனதும் காற்று கிடைக்காமல் கிருமி தானே செத்துவிடும் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

அந்தக் குன்றை உடைத்தே வயிறு வளர்த்தவர்கள் முப்பத்தொரு குடும்பம். மூன்று தலைமுறையாகக் கல் உடைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு கைப்பிடி மண் இருந்ததில்லை. இப்போது ஆளுக்கு இருபது சென்ட் என்று குன்றின் மேல் அளந்து, சீட்டுக் குலுக்கி, எண் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மண்ணை உண்டாக்கியதற்குக் கூலியாக முப்பது வருஷத்துக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்கு. போகட்டும், மீதி இரண்டு பங்கு நம்முடையதுதானே என்று எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். ஐப்பசி முதல் தேதி பட்டா. அதற்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அன்று காலைதான் ருக்கம்மா தன் சொந்த நிலத்தில் சுத்தியலைத் தட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ருக்கம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. பத்து வயதில் கல்குழிக்குள் இறங்கியவள். கல்லைத் தட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று காதால் சொல்லிவிடுவாள் என்பதால் கம்பெனி அவளையே தட்டுக்காரியாக வேலைக்கு வைத்திருந்தது. ஒவ்வொரு நிலத்திலும் ஒரு சாண் அகலத்துக்குத் தார் பூசிக் காப்பாற்றிய பாறைத் திட்டு ஒன்று இருக்கும். வாரம் ஒருமுறை அதைத் தட்டி, நல்லது என்றால் நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். நாற்பது வாரமாக அவள் கோடுதான் போட்டுவந்தாள்.

அவளுக்கு விழுந்த எண் இருபத்தாறு. குன்றின் தெற்குச் சரிவில் கடைசி ஒன்பது நிலங்களில் ஒன்று. அவரைக் கொடியின் அடியில் நெற்று முற்றி, நுனியில் இன்னும் பூ விட்டுக்கொண்டிருந்தது. போன வாரம் வரை கணீர் என்று கேட்ட பாறை இன்று பூசணிக்காயைத் தட்டியதுபோல் பொத்தென்றது.

அவள் பக்கத்து நிலத்துக்குப் போனாள். பொத். அதற்கடுத்ததிலும் பொத். ஒன்பது நிலத்தையும் தட்டி முடித்தாள். ஒன்பதும் பொத். கோடு போடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டா கைக்கு வந்துவிடும். அவள் ஒன்றும் தேவதை அல்ல.

நோட்டை மூடிவிட்டு அவள் ஜெபசெல்வியைத் தேடிப் போனாள்.

ஜெபசெல்வி நாகர்கோவில்காரி, கம்பெனியின் புவியியல் அதிகாரி. பாறைக்குள் அலை அனுப்பி விரிசலைப் படமாகக் காட்டும் இயந்திரம் ஒன்றைக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவதுபோல் குன்று முழுக்கத் தள்ளிக்கொண்டு போவாள். சேதி கேட்டதும் முதலில் அவள் சிரிக்கத்தான் செய்தாள்.

"அக்கா, அந்த ஒன்பது நிலத்தையும் நான் மூணு தடவை பாத்தாச்சு. ஒரு விரிசல் கெடையாது. படத்தைக் காட்டுகேன், பாருங்க."

படத்தில் மற்ற நிலங்களுக்கடியில் மெல்லிய கோடுகள் ஓடின. இந்த ஒன்பதுக்கடியிலும் ஒன்றுமே இல்லை, ஒரே கறுப்பு.

"மத்த எடத்துல எல்லாம் கோடு தெரியுது. இங்க மட்டும் ஏன் மேடம் ஒண்ணுமே தெரியல?" என்றாள் ருக்கம்மா.

"விரிசல் இருந்தாத்தானே தெரியும்?"

"இருட்டுல பாத்துட்டு யாருமில்லன்னு சொல்ற மாதிரி இல்ல இருக்குது?"

ஜெபசெல்வியின் சிரிப்பு நின்றது. அலையைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும் பொருள் ஒன்று உண்டு என்று அவளுக்குத் தெரியும். முதல் வருஷப் பாடத்திலேயே வருவது. ஈரக் களிமண். பாறைக்குள் களிமண் எங்கிருந்து வரப்போகிறது என்று அவள் அதை நினைக்கவே இல்லை.

"எனக்கு நிச்சயமா தெரியணும்க்கா. காது கேட்டதை வெச்சு என்னால எழுத முடியாது."

"காதை நம்ப வேணாம். கண்ணால பாருங்க. வாங்க குழிக்கு."

குன்றின் மேற்குப் பக்கம் முழுக்கப் பழைய கல்குழி. மூன்று தலைமுறையாக வெட்டியெடுத்ததில் குன்றின் பக்கவாட்டு, கத்தியால் அரிந்ததுபோல் செங்குத்தாக நின்றது. கல் பிளப்பவர்கள் விலை பேசுமுன் கல்லுக்குக் குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வெயிலில் காத்திருப்பார்கள். நல்ல கல் ஒரே சீராகக் காயும். உள்ளே நூல் விரிசல் இருந்தாலும் அந்த இடம் மட்டும் ஈரம் பிடித்துக் கறுப்பாக நிற்கும். கல்லைக் குளிப்பாட்டுவது என்று அதற்குப் பெயர்.

பத்து மணிக்கு டேங்கர் வண்டியின் குழாயால் அந்தச் சுவரைக் குளிப்பாட்டினார்கள். பன்னிரண்டு மணிக்குச் சுவர் வெளுத்தது. ஒரு மணிக்கு, உச்சியிலிருந்து ஓர் ஆள் ஆழத்தில், ஒன்பது நிலங்களின் நீளத்துக்கும் ஒரு கறுப்புக் கோடு மட்டும் காயாமல் நின்றது. மூன்று மணி ஆகியும் அது காயவில்லை.

ருக்கம்மா ஏணி வைத்து ஏறி உளியை அந்தக் கோட்டில் விட்டாள். கல்லில் முட்டி நிற்கவேண்டிய உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் போனது. வெளியே வந்த வெள்ளைக் களிம்பை ஜெபசெல்வியின் உள்ளங்கையில் வைத்தாள். ஜெபசெல்வி அதை நுனிநாக்கில் தொட்டாள். நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்னா மேடம் இது?"

"நாமக்கட்டிக்கா."

"கம்பெனி நமக்குப் போட்ட நாமமா?"

"சிரிக்காதீங்க. இந்தக் கல்லுல மூணு சாமான் இருக்கு, பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்கது வெங்கச்சங்கல், அதைக் கல்லுண்ணியால ஒண்ணும் செய்ய முடியாது. மினுமினுன்னு இருக்கது காக்காப்பொன். மீதி இந்த வெளிறின ரோஸ் கலர். கல்லுல பாதிக்கு மேல இதுதான், இதைத்தான் அது திங்கும். தின்னு மிஞ்சினது நாமக்கட்டி மண்ணு."

"ஒன்றரை முழத்துல செத்துடும்னு சொன்னீங்களே?"

"காத்து இல்லன்னாத்தான் சாகும்." ஜெபசெல்வி சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "இந்தக் குன்னு ஒருகாலத்துல பூமிக்கடியில பல மைல் ஆழத்துல உருகி இறுகினது. மேல இருந்த பாரமெல்லாம் கோடிக்கணக்கான வருஷத்துல கரைஞ்சு போச்சு. பாரம் எறங்கினதும் கல்லு விரிஞ்சு, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா பிரிஞ்சுச்சு. அந்த அடுக்குக்கு நடுவுல காத்தும் போகும், தண்ணியும் போகும். கல்லுண்ணி அது வழியா உள்ள போயிருக்கு."

வெங்காயத் தோல் விஷயம் ருக்கம்மாவுக்குத் தெரிந்ததுதான். அவள் அப்பா அந்த அடுக்கைப் பார்த்துத்தான் பாளம் பாளமாகக் கல் எடுத்தார். பாரம் இறங்கினால் கல்லும் மூச்சு விடும் என்பது மட்டும் அவளுக்குப் புதுசு.

"அப்ப மேல இருக்கற பாளம், வெண்ணெய் தடவின பலகைமேல உக்காந்திருக்குது. மழை பேஞ்சா?"

ஜெபசெல்வி திரும்பிப் பார்த்தாள். தெற்கே, சரிவின் கீழே, கீழ்ப்பொதி ஊரின் ஓட்டுக்கூரைகளும் பள்ளிக்கூடத்தின் நீலச் சுவரும் தெரிந்தன.

அவள் அன்றே எழுதி அனுப்பினாள். மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அந்த ஒன்பது நிலங்களிலும் விரிசல் இல்லை என்று இயந்திர அறிக்கை சொல்கிறது; அறிக்கையில் தங்கள் கையெழுத்தே உள்ளது; ஆய்வுக்குழு நாற்பத்தைந்து நாளில் வரும். கீழ்ப்பொதி ஊராட்சிக்கும் ஜெபசெல்வி நேரில் போய்ச் சொன்னாள். குன்றுக்காரர்கள் பயம் காட்டி ஊரைக் காலி செய்யப் பார்க்கிறார்கள் என்று அங்கே சிரித்தார்கள். வானிலைக்காரர்கள் ஐப்பசி பிறந்ததும் மழை என்றார்கள்.

கல் உடைப்பவர்கள் சங்கத்தைக் கூட்டியபோது முதலில் கத்தியது தலைவர் முனிரத்தினம். அவன் ருக்கம்மாவின் சொந்தத் தம்பி. இந்தப் பட்டாவுக்காகப் பதினாறு வருஷம் கலெக்டர் ஆபீஸ் படிக்கட்டைத் தேய்த்தவன்.

"ஏங்க்கா, இன்னும் எட்டே நாளு. பட்டா கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். இப்ப வாயைத் தெறந்தா முப்பத்தொண்ணும் போச்சு."

"மழையும் அன்னைக்கேதானேடா வருது?"

"விழுந்தா யாரு மேல விழப்போவுது? கீழ்ப்பொதிக்காரன் மேல. நம்மள அவன் கிணத்துப் பக்கம் விட்டானா? நிலம் கேட்டப்ப கோர்ட்டுக்குப் போனவன் யாரு?"

கூட்டத்தில் சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ருக்கம்மா எழுந்து நின்றாள்.

"விடல. கிணத்துல விடலதான். எனக்கு மறக்கல. அதுக்காக அவன் புள்ள பள்ளிக்கூடத்துல உக்காந்திருக்கறப்ப கல்லைத் தள்ளிவிடச் சொல்றியா? நாப்பது வாரமா நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு கோடு போட்டவ நான். விழுந்தா அது என் கையால விழுந்ததுடா. அந்த நிலத்துல வெளையிற அவரையை நீ திம்பியா? என் தொண்டையில எறங்காது."

முனிரத்தினம் குரலைத் தணித்துக்கொண்டான்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"மழைக்கு முன்னால பாளத்தை நாமளே எறக்கிடலாம். ஊருப் பக்கம் இல்ல, குழிக்குள்ள."

அவள் தரையில் உளியால் கோடு போட்டுக் காட்டினாள். தெற்கே ஊர், மேற்கே குழி. பாளம் இரண்டுக்கும் நடுவில் சாய்ந்து நிற்கிறது. குழி ஓரத்தில் அப்பா காலத்தில் விட்ட ஒரு முட்டுக்கல் அதைப் பிடித்திருக்கிறது. தெற்கு ஓரத்தில் பத்தடி அகலக் கல்லைத் தடுப்பாக விட்டுவிட்டு, இருநூறடி நீளத்துக்கு அடிக்கொரு ஆப்புக்குழி அடித்துப் பாளத்தைப் பிளக்க வேண்டும். பிறகு முட்டை எடுத்தால் அது குழிக்குள்தான் போகும்.

"தடுப்புக்கு அடியிலயும் களி இருந்தா?" என்றாள் ஜெபசெல்வி.

"அந்த ஓரத்தையும் குளிப்பாட்டிப் பாத்துட்டேன் மேடம். சீரா காயுது. நூல் ஈரம் இல்ல."

"வெடி வெச்சா ஒரு நாள்ல முடியும். ஆனா அதிர்ச்சியில மொத்தமும் தெக்கால போயிரும். இயந்திரமும் ஏத்த முடியாது."

"வெடி எதுக்கு? மர ஆப்பு போதும். காய்ஞ்ச ஆப்பை எறக்கி ஈரத்துணி சுத்தினா, ஊறி உப்பிக் கல்லைப் பிளந்துடும். சத்தமே வராது."

யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். "ஒன்பது பேரு நிலம் போவுமே. அதுல உன்னுதும் இருக்குதே ருக்கம்மா?"

"தெரியுது" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் ஒன்பது குடும்பமும் தங்கள் அவரைக் கொடியைத் தாங்களே பிடுங்கினார்கள். முற்றின நெற்றுகளை மட்டும் பறித்துக்கொண்டார்கள். ஒருத்தி கொடியைப் பிடுங்க மனசில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. அவரவர் கையிலும் அவரவர் கொடி இருந்தது. ருக்கம்மா மண்ணை வாரி, கல்லைப் பிளக்கவேண்டிய கோட்டுக்கு வழி செய்தாள். கையில் அள்ளிய மண் அவ்வளவு மிருதுவாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல்முதலாகத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட மண். அதை அவள் கூடையில் போட்டு ஓரமாகக் கொட்டினாள். திரும்பி வந்து அடுத்த கூடையை எடுத்தாள்.

ஆறு நாள் வேலை. சுத்தியலை இனி தொடமாட்டோம் என்று பரணில் தூக்கிப் போட்டவர்களெல்லாம் இறக்கிக்கொண்டு வந்தார்கள். நிலம் போகாத இருபத்திரண்டு குடும்பமும் வந்தது. முதல் இரண்டு நாள் முனிரத்தினம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, அக்கா முகத்தைப் பார்க்காமல், கடைசி ஆப்புக்குழியருகே உட்கார்ந்து உளியைப் பிடித்தான். ஜெபசெல்வி பாளத்தின் நான்கு மூலையிலும் கண்ணாடிச் சில்லு ஒட்டிவைத்து, அது நகர்கிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்தாள். ஐந்தாம் நாள் ஒரு சில்லு உடைந்தது. எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு மறுபடி ஏறினார்கள்.

ஆறாம் நாள் பகல் பதினொரு மணிக்கு இருநூறு ஆப்புக்கும் ஈரத்துணி சுற்றினார்கள். இரண்டு மணிக்குக் கல், துணி கிழிவதுபோல் ஒரு நீளமான சத்தம் போட்டது. ருக்கம்மாவும் முனிரத்தினமும் குழி ஓரத்தில் முட்டுக்கல்லின் இரு பக்கமும் நின்று கடப்பாரையைக் கொடுத்தார்கள்.

"அக்கா, நீ நகரு. நான் பாத்துக்கறேன்."

"ஒத்தக் கடப்பாரைக்கு அது அசையாது. பேசாம நெம்பு."

முட்டு பெயர்ந்தது. இருவரும் ஓடி, ஏணி வைத்திருந்த மேட்டில் ஏறிக்கொண்டார்கள். பாளம் முதலில் ஒரு சாண் நகர்ந்து நின்றது. பிறகு அவசரமே இல்லாமல், மேலிருந்த மண்ணோடும் வரப்போடும், மேற்கே திரும்பிக் குழிக்குள் இறங்கியது. குன்று குலுங்கியது. தூசி அடங்கக் கால் மணி நேரம் ஆனது. தெற்கே பத்தடித் தடுப்பு அப்படியே நின்றது. கீழ்ப்பொதிப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஜெபசெல்வி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஐப்பசி முதல் தேதி தாசில்தார் கோமதிநாயகம் ஜீப்பில் வந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு பேருக்குப் பட்டாவைக் கொடுத்துவிட்டு அவர் மீதி ஒன்பது தாளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த எண்கள் இருந்த இடத்தில் இப்போது வெறும் பாறை. அவற்றின் மண்ணெல்லாம் நாற்பதடி கீழே குழிக்குள், உடைந்த கல்லுக்கு மேல், மெத்தைபோல் கிடந்தது.

"திட்டத்துல என்ன இருக்குன்னா, இருந்த எடத்துலயே உண்டான மண்ணுக்குத்தான் பட்டா," என்றார் அவர். "குழிக்குள்ள கெடக்கறது எப்படி வந்ததுன்னு புவியியல் அதிகாரி எழுதிக் கொடுக்கணும். இருந்த மண்ணா, வந்த மண்ணா?"

முனிரத்தினம் ஜெபசெல்வியின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மேடம், இருந்த மண்ணுன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிடுங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க? இதே குன்னு மண்ணுதானே?"

ஜெபசெல்வி பேனாவைத் திறந்துவிட்டு எழுதாமல் நின்றாள். வேலை அவளுக்கு எப்படியும் போய்விட்டது. நேற்றே கடிதம் வந்திருந்தது, இன்றோடு கடைசி. அவள் ருக்கம்மாவைப் பார்த்தாள்.

"பாக்காததைப் பாத்ததா ஒருதரம் எழுதினேன்க்கா. அதனால வந்த வினைதான் இவ்வளவும். இருந்தாலும் நீங்க சொன்னா எழுதுகேன். உங்க நிலம்."

மற்ற எட்டு பேரும் ருக்கம்மாவையே பார்த்தார்கள். அவளுக்கு மண் வேண்டும். அதை மறைக்க அவளால் முடியவில்லை.

"வந்த மண்ணுன்னு எழுதுங்க மேடம்" என்றாள். "கண்ணு முன்னால வந்துச்சு. நாமதானே கொண்டாந்தோம்."

ஜெபசெல்வி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முனிரத்தினம் கும்பிட்ட கையைக் கீழே போட்டான். தாசில்தார் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, இருந்த மண்ணுன்னு எழுதியிருந்தா மூணுல ஒரு பங்கு முப்பது வருஷத்துக்குக் கம்பெனிக்குப் போவும்."

"தெரியும் சார். அதுக்குத்தானே கைநாட்டு வெச்சோம்."

"வந்த மண்ணு அந்தக் கணக்குல வராது. ஆத்துல அடிச்சுட்டு வந்து ஒதுங்கற மண்ணுக்குப் படுகைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. வெள்ளம் கொண்டாந்தாலும் சரிவு கொண்டாந்தாலும் ஒண்ணுதான். குழி புறம்போக்கு, அதுல மண்ணே இல்லன்னு பதிவு. அங்க வந்து சேர்ற மண்ணு, முதல்ல விதைக்கிறவங்களுக்கு. கம்பெனிக்குப் பங்கு கெடையாது. ஆனா பட்டா இல்ல. வருஷா வருஷம் விதைக்கணும். ஒரு வருஷம் விட்டாலும் உரிமை போயிடும்."

ருக்கம்மா அவர் சொன்னதை மனசுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"கீழ தண்ணி கட்டினா?"

"வடிகால் வெட்டறது உங்க பாடு."

"வெட்டுவோம். கல்லுல வெட்டத் தெரியும்."

"விதைக்கிறதை நான் கண்ணால பாத்து எழுதணும். மழை வந்துட்டா அந்த ஏணியில என்னால எறங்க முடியாது."

முதல் துளி ஜீப்பின் மேல் விழுந்தது. ருக்கம்மா மற்ற எட்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மடியில் அவரை நெற்றைக் கட்டிக்கொண்டு அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏணியில் இறங்கினார்கள். தாசில்தார் குடையை விரித்துக் குழியோரம் வந்து உட்கார்ந்து, பதிவேட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே ஒன்பது பேரும் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். அவள் சொன்னதும் எல்லோரும் ஒன்றாக விதையை மண்ணில் அழுத்தினார்கள்.

"யாரும்மா முதல்ல போட்டது?" என்று மேலிருந்து குரல் வந்தது. "இதுல ஒரு பேருக்குத்தான் எடம் இருக்கு."

ருக்கம்மா நிமிர்ந்து, மழைக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஒன்பது பேரும் ஒண்ணாத்தான் சார் போட்டோம். எடம் பத்தலன்னா எழுத்தைச் சின்னதாக்குங்க."